வரிமுடிவு விசாரணை: மும்பைத் தமிழ்ச் சான்றுகளுடன் ஓர் ஆய்வு

கண்ணுக்குத் தெரியாத பொருள்களைப் பற்றித்தான் நம் முன்னோர் அதிகம் எழுதினார்கள். ஆன்மா உண்டா, மாயை எத்தகையது, ஊழ் வலிதா முயற்சி வலிதா என்று ஓலை ஓலையாக வாதம் நடந்திருக்கிறது. அதே அளவுக்குக் கண்ணுக்குத் தெரியாததும், இவை மூன்றும் சேர்ந்து கொடுக்காத குடைச்சலை அலுவலக நேரத்தில் கொடுப்பதுமான வரிமுடிவை மட்டும் உரையாசிரியர்கள் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். அக்குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு.

வரிமுடிவாவது யாது? கணினியில் ஒரு வரியைத் தட்டிவிட்டு என்டர் அழுத்தும்போது கோப்புக்குள் போய் உட்காரும் குறி. திரையில் அதற்கு உருவம் கிடையாது. அடுத்த வரி கீழே இறங்குவதைப் பார்த்து, அது இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறோம். தர்க்க சாத்திரத்தார் இதை அனுமானப் பிரமாணம் என்பர்.

வரி முடிந்தால் முடிந்ததுதானே, இதில் ஆராய என்ன கிடக்கிறது எனின், அற்றன்று. முடிவதில் மூன்று வகை உண்டு. லினக்ஸிலும் இன்றைய மேக்கிலும் 10 என்னும் எண்ணுடைய ஒரே குறி. பெயர் லைன் ஃபீட், செல்லமாக எல்எஃப். விண்டோஸில் 13-ம் 10-ம் ஜோடியாக வரும். 13-இன் பெயர் கேரேஜ் ரிட்டர்ன், அதாவது சிஆர். மூன்றாம் வகை வெறும் 13. பழைய மேக் வைத்திருந்தது அது. 2001-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது அந்த வம்சம் அற்றுப்போயிற்று. போனவர்களைப் பற்றிப் பொல்லாங்கு பேசாமல் மேலே செல்வோம்.

களமும் கருவியும்

இவ்வாய்வுக்கு மும்பையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கேரேஜ் ரிட்டர்ன் என்றால் என்னவென்று புத்தகத்தில் படிக்காமல் கையாலேயே அறிந்த தமிழர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கிய ஊர் இது. தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் தட்டச்சு இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்த சான்றிதழையும் ஷார்ட்ஹேண்ட் வேகத்தையும் மட்டுமே மூலதனமாகக் கொண்டு தாதரில் இறங்கினார்கள். கோட்டைப் பகுதிக் கம்பெனிகளில் ஸ்டெனோ வேலை, மாதுங்காவில் இருப்பிடம், உடுப்பிக் கடையில் சாப்பாடு. குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமென்று 1932-லேயே சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி தோன்றிவிட்டது. 1966-இல் சிவசேனை பிறந்தபோது அதன் கோபம் முதலில் போய் விழுந்ததும் இந்தத் தட்டச்சு மேசைகளின்மேல்தான். ஒரு நகரத்தின் அரசியலையே திருப்பிவிட்ட கருவியை இலேசாக எண்ணக்கூடாது.

அக்கருவியின் இலக்கணம் பின்வருமாறு. வரி வலது ஓரத்தை நெருங்கும்போது ஒரு மணி அடிக்கும். இடது பக்கத்து நெம்புகோலை ஒரு தள்ளு தள்ளினால் உருளை சுழன்று காகிதம் ஒரு வரி ஏறும். அதே தள்ளலில், காகிதத்தைத் தாங்கிய கேரேஜும் ஓடி, அடுத்த வரியின் தொடக்கத்துக்கு வந்து நிற்கும். இரண்டு வேலை, ஒரே தள்ளு. மாதுங்கா மரபு இங்கே ஒருமைவாதம் என்று கொள்க.

ஒருமை உடைந்தது கம்பிவழித் தட்டச்சான டெலிடைப்பில். அங்கே நெம்புகோலைத் தள்ள ஆள் இல்லை; கம்பி வழியே வரும் குறிதான் தள்ள வேண்டும். ஆகவே அச்சுத்தலையைத் திருப்ப ஒரு குறி, காகிதத்தை ஏற்ற ஒரு குறி என்று பிரித்தார்கள். 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33 நொடிக்கு 10 எழுத்து அடிக்கும். அச்சுத்தலை வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குத் திரும்பிவர ஓர் எழுத்தின் நேரம் போதாது. முதலில் 13-ஐ அனுப்பி, தலை ஓடிக்கொண்டிருக்கும்போதே 10-ஐயும் அனுப்பிவிட்டால், காகிதம் ஏறி முடிவதற்குள் தலையும் வந்து சேர்ந்துவிடும். 10-ஐ மட்டும் அனுப்பினால் வரிகள் படிக்கட்டுப் போல வலப்பக்கமாக இறங்கிக்கொண்டே போகும். 13-ஐ மட்டும் அனுப்பினாலோ எல்லா வரியும் ஒரே வரியின் மேல் விழுந்து கருப்புப் பட்டையாகும்.

மாதுங்காவில் ஓய்வுபெற்ற ஸ்டெனோ மாமா ஒருவரிடம் இந்த வரலாற்றைச் சொல்லிக் கருத்துக் கேட்டோம். சற்று யோசித்தார். “ஒரே தள்ளுல முடியற காரியத்துக்கு ரெண்டு ஆர்டரா? எங்க சேட் இருந்திருந்தா ஒரு ஆர்டருக்குத்தான் சம்பளம் கொடுத்திருப்பான்” என்றார். துறையின் ஐம்பதாண்டு விவாதத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

ஏறத்தாழ அந்த சேட்டின் முடிவைத்தான் மல்டிக்ஸ் என்ற இயங்குதளமும் அதன் வழிவந்த யூனிக்ஸும் எடுத்தன. கோப்புக்குள் கேரேஜே இல்லாதபோது கேரேஜைத் திருப்புவானேன்? 10 மட்டும் போதும். அச்சிடும் சமயத்தில் மற்றதைக் கருவியின் இயக்கிநிரல் சேர்த்துக்கொள்ளட்டும் என்று வைத்தார்கள். சிபி/எம் என்ற இயங்குதளம் இரண்டையும் கோப்பிலேயே வைத்தது. அதைப் பார்த்து 1981-இல் டாஸ் வைத்தது. டாஸிடமிருந்து விண்டோஸுக்கு வந்தது. டெலிடைப் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அதன் தலை திரும்பக் காத்திருந்த நேரம் மட்டும் கோடானுகோடி கோப்புகளில் வரிக்கொரு பைட்டாகத் தங்கிவிட்டது. விண்டோஸை மட்டும் குறைசொல்வதும் நியாயமன்று. மின்னஞ்சல் நெறிமுறை இன்றளவும் வரிக்கு வரி 13, 10 ஜோடியைத்தான் கேட்கிறது. இரண்டு லினக்ஸ் கணினிகள் தமக்குள் கடிதம் பரிமாறிக்கொண்டாலும், இல்லாத கேரேஜைத் திருப்பிக்கொண்டுதான் பேசுகின்றன.

நோய்

கள ஆய்வு நிகழ்ந்தது செம்பூரில், ஓர் இட்லிக் கடையின் மாடியில் இயங்கும் மென்பொருள் நிறுவனத்தில். பெயர் வேண்டாம். அங்கே பணியாற்றுவோருள் மூவர் நமக்கு முக்கியம். விண்டோஸ் வைத்திருக்கும் செம்பூர் சார், மேக் வைத்திருக்கும் மாதுங்கா அக்கா, பழைய மடிக்கணினியை வாங்கி உபுண்டு ஏற்றி வைத்திருக்கும் தாராவித் தம்பி. மூவரும் எழுதும் நிரல்கள் கிட் என்னும் மென்பொருளின் ரெப்போவில், அதாவது பொதுக் கிடங்கில், சேர்கின்றன. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் செய்தது அது. யார், எந்த வரியை, எப்போது மாற்றினார் என்று கணக்கு வைப்பதில் சித்ரகுப்தனுக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

செம்பூர் சார் ஒருநாள் ஜிஎஸ்டி கணக்கில் ஒரே ஒரு எண்ணைத் திருத்திக் கமிட் செய்தார், அதாவது ரெப்போவில் பதிந்தார். மாற்றத்தைக் காட்டும் டிஃப் திரையைத் திறந்தால் சிவப்பில் நாலாயிரம் வரி நீக்கம், பச்சையில் நாலாயிரம் வரி சேர்க்கை. திவ்யப் பிரபந்தத்தையே எடுத்துவிட்டு மறுபடி வைத்தாற்போல் இருந்தது. சிவப்புக்கும் பச்சைக்கும் இடையில், திருத்திய அந்த ஒரு எண்ணைத் தவிர, கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு ஏதுமில்லை.

“என்ன சார், மொத்த ஃபைலையும் மாத்தி வச்சிருக்கீங்க?” என்றார் தாராவித் தம்பி.

“நான் ஒரு நம்பர்தானப்பா மாத்தினேன்.”

“டிஃப்ல அப்படிக் காட்டலியே சார். காலையிலேர்ந்து நானும் அதே ஃபைல்லதான் வேலை பார்த்தேன். இப்ப மெர்ஜ் பண்ணா எல்லா வரியும் அடிச்சுக்குது.”

“ரெண்டு பேரும் சண்டை போடாதீங்கோ” என்று மாதுங்கா அக்கா குறுக்கிட்டார். “ரெண்டு பேர் ஃபைலும் ஒண்ணுதான். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.”

அத்வைதம் இவ்வளவு துல்லியமாக விளக்கப்பட்ட மென்பொருள் நிறுவனம் வேறு இருக்குமா என்பது தனி ஆய்வுக்குரியது.

நோயின் பின்விளைவுகள் இரண்டு. கிட்டில் பிளேம் என்று ஒரு கட்டளை உண்டு. ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் பெயரைச் சொல்லும். அன்று முதல் அந்தக் கோப்பின் எல்லா வரியும் செம்பூர் சார் பெயரில். எந்தக் காலத்திலோ யாரோ எழுதி, யாருக்கும் புரியாததால் யாரும் தொடாமல் வைத்திருந்த வட்டிக் கணக்கும் அவர் தலையில் விழுந்தது. இரண்டாவது, அவர் கை பட்ட ஷெல் நிரலொன்று சர்வருக்குப் போய் ஓட மறுத்தது. நிரலின் முதல் வரி எந்த மென்பொருள் தன்னை ஓட்ட வேண்டும் என்று சொல்லும். அதன் வாலில் 13 ஒட்டிக்கொண்டதால், பாஷ் என்னும் மென்பொருளுக்குப் பதிலாக பாஷ்^எம் என்ற ஒன்றைத் தேடிவிட்டு, அப்படியொரு கோப்பே இல்லை என்று சர்வர் கைவிரித்தது. எம் எங்கிருந்து முளைத்தது எனின், ஆங்கில அகரவரிசையில் அது 13-ஆவது எழுத்து. உருவமற்ற 13-ஐத் திரையில் காட்ட வேண்டி வந்தால் ^எம் என்று காட்டுவது மரபு. அருவத்துக்கு உருவம் கொடுத்தால் இப்படித்தான் யாருக்கும் அடையாளம் தெரியாமல் போகும்.

மூன்று மதங்கள்

விண்டோஸில் கிட்டை நிறுவும்போது வரிமுடிவை என்ன செய்யட்டும் என்று ஒரு திரை கேட்கும். படிக்காமல் நெக்ஸ்ட் அழுத்துவதற்கென்றே படைக்கப்பட்ட திரைகளில் ஒன்று அது. அதில் மூன்று விடைகள் உண்டு. மூன்றும் மூன்று மதங்கள்.

முதலாவது இருவடிவவாதம். ரெப்போவுக்குள் போகும்போது எல்எஃப், மேசைக்கு வரும்போது சிஆர்எல்எஃப். இரண்டாவது வாயில்தூய்மைவாதம். உள்ளே போகும்போது 13-ஐக் கழற்றிவிட வேண்டும். வெளியே வரும்போது எப்படி இருக்கிறதோ அப்படியே வரட்டும். மூன்றாவது உள்ளதுஉள்ளபடிவாதம். வருவதையும் தொடாதே, போவதையும் தொடாதே. கோர்.ஆட்டோசிஆர்எல்எஃப் என்னும் அமைப்புக்கு ட்ரூ, இன்புட், ஃபால்ஸ் என்று மதிப்புக் கொடுத்து இம்மூன்றில் எதையும் தழுவலாம், எப்போதும் மதம் மாறலாம்.

தனித்தனியே நோக்கின் மூன்றும் குற்றமற்றவை. குற்றம் எங்கே பிறக்கிறது எனின், இந்த அமைப்பு ரெப்போவில் இல்லை. அவரவர் கணினியில் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் மூன்று மதமும் வாழும். யார் எந்த மதம் என்பது டிஃப் திரை சிவக்கும்வரை யாருக்கும் தெரியாது. செம்பூர் சார் உள்ளதுஉள்ளபடிவாதி. அவருடைய எடிட்டரோ தன்னிச்சையாக ஜோடிக்குறியில் சேமித்தது. தம்மிடம் இப்படியொரு கொள்கை இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

விண்டோஸ் நோட்பேடைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 வரைக்கும் அது எல்எஃப்-ஐ வரிமுடிவாக ஏற்கவில்லை. லினக்ஸிலிருந்து வந்த கோப்பைத் திறந்தால் முடிவே இல்லாத ஒரே வரியாகக் காட்டும். ஏட்டுச்சுவடியில் அடி பிரிக்காமல், புள்ளி வைக்காமல், ஓலை முடியும் இடத்தில் மட்டும் வரி முடித்து எழுதிய மரபை இருபத்தோராம் நூற்றாண்டில் காப்பாற்றி வந்த நிறுவனம் மைக்ரோசாஃப்ட் என்பதைச் சுவடியியலார் குறித்துக்கொள்வார்களாக.

தலையாய கண்டுபிடிப்பு

இனி இவ்வாய்வின் உச்சத்துக்கு வருவோம். யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் ஒரு பேட்டையில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். யூடிஎஃப்-16 என்னும் முறையில் ஓர் இந்திய எழுத்துக்கு இரண்டு பைட். ஒன்று பேட்டை எண், மற்றது வீட்டு எண் என்று வைத்துக்கொள்ளலாம். மராத்தியும் இந்தியும் எழுதும் தேவநாகரியின் பேட்டை எண் 9. குஜராத்தி 10. தமிழ் 11. தெலுங்கும் கன்னடமும் 12. மலையாளம் 13.

வாசகர் ஒருகணம் நின்று இதை உள்வாங்க வேண்டும். குஜராத்தி எழுத்து ஒவ்வொன்றும் தன் உடம்பில் லைன் ஃபீடைச் சுமக்கிறது. மலையாள எழுத்து ஒவ்வொன்றும் கேரேஜ் ரிட்டர்னைச் சுமக்கிறது. நடுவில் தமிழ். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி மாலையில் ஒரு நடை போனவர்களுக்கு இந்த வரிசை புதிதன்று. மாதுங்காவின் குடியிருப்பு வரைபடத்தை யூனிகோட் குழுவினர் கலிஃபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கண்டறிந்தார்கள் என்பது விளங்கவில்லை.

இது வெறும் வேடிக்கையன்று. 13 என்னும் பைட் கண்ட இடத்திலெல்லாம் அதைக் களைந்தெறியும் கட்டளைகள் புழக்கத்தில் உண்டு. அவற்றை யூடிஎஃப்-16 கோப்பின்மேல் ஏவினால் மலையாள எழுத்து ஒவ்வொன்றும் பாதி உடம்பை இழக்கும். 10-க்கு முன்னெல்லாம் 13-ஐச் சொருகும் கருவியை ஏவினால் குஜராத்தி எழுத்தின் வயிற்றுக்குள் கேரேஜ் திரும்பும். தமிழ் எழுத்தை இரண்டும் தொடாது; அதன் 11-ஆம் எண் வெர்டிகல் டேப் என்னும், யாரும் சீந்தாத குறிக்குரியது. இதில் தமிழர் பெருமைப்பட அவசரம் வேண்டாம். எழுத்து தப்பினாலும் வரியின் முடிவில் ஒரு பைட் கூடிவிட்டால் அடுத்த வரி முழுவதும் ஒரு பைட் நகரும். முன்னெழுத்தின் பேட்டை எண்ணும் பின்னெழுத்தின் வீட்டு எண்ணும் கைகோத்துக்கொள்ளும். அப்போது ‘க’ இருந்த இடத்தில் சீன எழுத்தும் ‘ம’ இருந்த இடத்தில் கொரிய எழுத்தும் தோன்றும். நல்லவேளையாக நாம் இன்று எழுதுவது பெரும்பாலும் யூடிஎஃப்-8-இல். அதில் தமிழ் எழுத்துக்கு மூன்று பைட். மூன்றும் 128-க்குக் குறையாதவை. 10-க்கும் 13-க்கும் உள்ளே நுழைய வழியே இல்லை.

கிட்டும் இதில் விவரமாகத்தான் நடந்துகொள்கிறது. கோப்பின் முதல் 8000 பைட்டுகளுக்குள் ஒரு சுழியம் கண்ணில் பட்டால், இது உரையன்று, பைனரி என்று ஒதுங்கிவிடும். யூடிஎஃப்-16 கோப்பில் ஒவ்வோர் இடைவெளிக்கும் ஒரு சுழியம் உண்டு. நாமாக வற்புறுத்தி எல்லாவற்றையும் உரை என்று அறிவித்தாலொழிய அது கைவைக்காது.

சித்தாந்தம்

13-ஆம் குறியால் வந்த நோய்க்கு மருந்து எங்கே கிடைக்கும்? தாராவியின் 13-ஆம் கம்பவுண்டில். எண் ஒத்துப்போனது தற்செயல் என்பார் என்க. ஆய்வாளன் அப்படிச் சொல்லலாகாது.

மாஹிம் பக்கத்து ஓரத்தில் இருக்கும் அந்தக் கம்பவுண்டில் நடப்பது பழைய பிளாஸ்டிக் தொழில். உடைந்த வாளி, நாற்காலி, எண்ணெய் டப்பா, கம்ப்யூட்டர் உறை என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வகை பார்த்து, நிறம் பார்த்துப் பிரிப்பார்கள். உடைத்து, அரைத்து, கழுவி, கூரையில் காயவைத்து, உருக்கி, கயிறாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கினால் தானா என்று சொல்லும் குருணை கிடைக்கும். இங்கே கவனிக்க வேண்டியது, கொண்டுவருபவனிடம் யாரும் நிபந்தனை போடுவதில்லை என்பது. உன் வாளியை உன் வீட்டிலேயே அரைத்துக் கொண்டுவா என்று ஒரு கிடங்கிலும் சொல்ல மாட்டார்கள். எந்தக் கோலத்திலும் வரலாம். கிடங்கு வாசலைத் தாண்டினால் ஒரே குருணை. இரும்பு கலந்து வந்தால் அரவை இயந்திரத்தில் போடாமல் தனியே எடுத்து வைப்பார்கள். விதி, கிடங்கினுடையது, ஆளுடையது அன்று.

கிட்டிலும் இதற்கு இடம் உண்டு. .கிட்ஆட்ரிபியூட்ஸ் என்ற சிறு கோப்பை ரெப்போவிலேயே வைத்து, அதில் நட்சத்திரக் குறி, பிறகு டெக்ஸ்ட்=ஆட்டோ என்று ஒரு வரி எழுதினால் போதும். இந்த ஏற்பாடு 2010 முதல் கிட்டில் இருக்கிறது. உரைக்கோப்பு எதுவானாலும் ரெப்போவுக்குள் எல்எஃப் ஆகத்தான் சேரும். அவரவர் கணினியில் எந்த மதம் இருந்தாலும் ரெப்போவின் விதி அதற்கு மேல். விதி கோப்போடு பயணம் செய்வதால், நாளை வேலைக்குச் சேரும் புதியவர் எந்தத் திரையில் நெக்ஸ்ட் அழுத்தினாலும் கவலையில்லை.

எல்லோரும் விண்டோஸை விட்டுவிட்டால் இத்தனை தொல்லை எதற்கு எனின், அப்படிக் கேட்டவரைக் கணக்குப்பிள்ளையிடம் அனுப்புக. விண்டோஸில் ஓடும் கணக்கு மென்பொருளான டேலியை விடச் சொல்லிவிட்டு உயிரோடு மாடியிறங்கியவர் இல்லை. எடிட்டரில் அவரவர் ஒழுங்காக அமைத்துக்கொள்ளலாமே எனின், அதுவும் பொருந்தாது. ஒழுங்கை ஒவ்வொருவருடைய நினைவிலும் ஒப்படைத்ததால்தானே நாலாயிரம் வரியும் சிவந்தது?

செம்பூர் நிறுவனத்தில் இந்த மருந்தைக் கொடுத்தார்கள். பழைய கோப்புகளை எல்லாம் ஒருமுறை சீர்செய்ய ரீநார்மலைஸ் என்றொரு வசதி 2018 முதல் உண்டு. அதை ஓட்டியதும் டிஃப் இன்னொருமுறை சிவந்தது. ஆனால் கடைசி முறையாக. அந்தக் கமிட்டின் எண்ணைப் பிளேம் கணக்கில் சேர்க்காதே என்று ஒரு பட்டியலில் எழுதிவைக்கலாம். 2019-இல் வந்த வசதி இது. செம்பூர் சாரின் பழைய கமிட்டையும் அதே பட்டியலில் சேர்த்தார்கள். அவருக்கு மூட்டைமூட்டையாகச் சேர்ந்திருந்த வினை அன்றே கழிந்தது. அவர் மெய்யாகவே மாற்றிய ஜிஎஸ்டி எண்ணும் அதோடு சேர்ந்து அவர் பெயரிலிருந்து கழிந்துவிட்டது.

புதிதாக ரெப்போ தொடங்குவோருக்கு ஒரு வேண்டுகோள். முதல் கமிட்டிலேயே .கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பை வைத்துவிடுங்கள். ஷெல் நிரல்களுக்கு எல்எஃப், விண்டோஸ் பேட்ச் கோப்புகளுக்கு சிஆர்எல்எஃப், படங்களுக்கு பைனரி என்று மறக்காமல் தனித்தனியே எழுதுங்கள். ஏற்கெனவே தொடங்கிவிட்டவர்கள் எல்லோர் கைவேலையும் உள்ளே வந்து சேர்ந்த பிறகு சீர்செய்யுங்கள். அந்தக் கமிட்டில் வேறு ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதில் கைவைக்கவும் வேண்டாம்.